உதவி: தண்ணீரால் குளிரூட்டும் கணினியில் தண்ணீர் மாற்றியும் சிபியு (மையச் செயலி) சூடு 94 பாகை, நாளைக்கு வேலை கொடுக்க வேண்டும்

வெள்ளவத்தைப் பொடியன் (இரவு 10.40):
அவசரம். நாளைக் காலை கலியாண வீடியோ ஒன்று கொடுக்க வேண்டும். ரெண்டர் (வீடியோவை இறுதிக் கோப்பாக்குவது) போட்டதும் சூடு 94க்குப் போய் வேகம் விழுந்துவிடுகிறது. முந்தி 65 தாண்டாது. தண்ணீர் கலங்கியிருந்தது, மாற்றிவிட்டேன். சிபியு மேல் பூசும் வெப்பப் பேஸ்டும் புதிது. பம்ப் சத்தம் கேட்கிறது. என்ன செய்யலாம்?

கொட்டாஞ்சேனை13:
கடையிலிருந்தே பூட்டி மூடி வருகிற ஏஐஓ குளிரூட்டியா, நீங்களே ரியூப் பூட்டிய லூப்பா? என்ன தண்ணீர்? படம் போடுங்கள்.

கடலோரம்:
வெள்ளவத்தை என்றால் உப்புக்காற்றுதான். மரைன் டிரைவ் பக்க ஜன்னலோரம் வைத்த என் கணினியில் இரண்டு வருடத்தில் திருகாணி எல்லாம் துரு. தண்ணீரை ஆற்றும் ரேடியேட்டரின் தகடுகளைத் துடையுங்கள்.

கொட்டாஞ்சேனை13:
அண்ணா, உப்புக்காற்று வெளியேதான் அரிக்கும். உள்ளே இருக்கிற தண்ணீர் எப்படிக் கலங்கும்?

பழைய கை:
இந்த மாதம் இப்படி வந்த மூன்றாவது ஆள். பம்ப் சத்தம் கேட்டால் தண்ணீர் ஓடுகிறது என்று அர்த்தமில்லை. ரேடியேட்டர் செம்பா, அலுமினியமா? அதைச் சொல்லாமல் எழுதுகிறவருக்கு யாரும் உதவ முடியாது. கேள்வி கேட்கப் பழகிக்கொண்டு வாருங்கள்.

வெள்ளவத்தைப் பொடியன்:
லூப்தான். ரேடியேட்டர் ஒன்லைனில் எடுத்த மலிவு செட், கறுப்புப் பெயின்ட், உள்ளே என்னவென்று தெரியாது. சிபியு மேல் உட்காரும் பிளாக் வேறாக வாங்கியது, செம்பு. பைப் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு ஊற்றினேன்.

பழைய கை:
கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது. ஆவியாகிற அளவுக்கு மிச்சத் தண்ணீரில் உப்பு கூடத்தான் செய்யும். குளோரைடு அலுமினியத்தின் மேல்படலத்தை உடைத்துக் குழி குழியாக அரிக்கும்.

மருதானை நானா:
தம்பி, பயப்படாதீங்க. ரேடியேட்டர் வாய்ப்பக்கம் பெயின்டைக் கொஞ்சம் சுரண்டுங்க. மஞ்சள், சிவப்பு என்றால் பித்தளை, செம்பு. வெள்ளை என்றால் அலுமினியம். காந்தம் உதவாது, எதிலும் ஒட்டாது. செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணீரில் நின்றால் பேட்டரிதான்: நியம மின்னழுத்தம் செம்புக்கு +0.34 வோல்ட், அலுமினியத்துக்கு −1.66, குறைந்த பக்கம்தான் கரையும். அலுமினியம் கரைந்து வெள்ளைக் கூழாகி பிளாக்கின் மெல்லிய தகடுகளுக்குள் அடைக்கும். தண்ணீரை மட்டும் மாற்றினால் அந்தக் கூழ் அசையாது.

பிளாக் மூடியைக் கழற்றுங்க. ஓ ரிங்கை (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) முறுக்காமல் எடுங்க. பழைய பல் தூரிகையால் தகடு ஓடுகிற பக்கமாகவே தேயுங்க, குறுக்கே தேய்த்தால் வளைந்துவிடும். செம்பு என்றபடியால் தண்ணீர் கலந்த வினாகிரியில் கொஞ்ச நேரம் ஊறவிடலாம். நிக்கல் பூசியது என்றால் கூடாது. பிளாஸ்டிக் மூடியில் ஸ்பிரிட் படவே கூடாது, விரிசல் விழுந்துவிடும். ஊற்ற, பெற்றோல் செட்டில் பேட்டரி வாட்டர் (உப்பு நீக்கிய தண்ணீர்) வாங்குங்க. அசிட் போத்தல் அல்ல, பார்த்து எடுங்க.

பஞ்சிகாவத்தை:
வாகனக் கூலன்ட் ஊற்றினால் போதும். வாகனங்களில் அலுமினிய எஞ்சினோடு செம்பு ரேடியேட்டர் எத்தனை வருடம் ஓடியது!

பழைய கை:
அதிலுள்ள அரிப்புத் தடுப்பு மருந்து தீரும். தீர்ந்ததும் பழையபடிதான்.

பஞ்சிகாவத்தை:
அதனால்தான் இரண்டு வருடத்துக்கு ஒருக்கால் மாற்றுகிறோம்.

கொட்டாஞ்சேனை13:
கூலன்டில் இருக்கிற எதிலீன் கிளைக்கோல் நஞ்சு. இனிப்பாக இருப்பதால் பூனை நக்கும். சின்னப்பிள்ளை இருக்கிற வீட்டில் போத்தலை மேலே வையுங்கள்.

கடலோரம்:
பைப் தண்ணீரிலும் உப்பு வரும்தானே? வறட்சிக்காலத்தில் களனி ஆறு இறங்கினால் கடல்நீர், குடிநீர் எடுக்கிற அம்பத்தலைப் பக்கம் ஏறாமலிருக்கத் தடுப்பணை போட்டிருக்கிறார்கள். வெள்ளவத்தைக்கும் அந்தத் தண்ணீர்தானே வருகிறது.

பழைய கை:
குடிக்கிற தண்ணீரைப் பற்றி வேறு இழை திறந்து பேசுங்கள்.

கடலோரம்:
குளோரைடு கதையைத் தொடங்கியதே நீங்கள்தான்.

வெள்ளவத்தைப் பொடியன் (அதிகாலை 2.15):
நானா சொன்ன மாதிரியே, தகடு முழுக்க வெள்ளைக் கூழ். இப்போது 69. ரெண்டர் ஓடுகிறது. மெத்த நன்றி.

மருதானை நானா:
சந்தோஷம் தம்பி. சுரண்டிப் பார்த்தீங்களா, என்ன நிறம்? வெள்ளை என்றால் வேலையைக் கொடுத்த கையோடு ரேடியேட்டரை மாற்றுங்க, இல்லையென்றால் இன்னும் சில மாதத்தில் ஓட்டை விழுந்து தண்ணீர் கிராபிக்ஸ் கார்டில் சொட்டும்.

மருதானை நானா (மறுநாள்):
தம்பி, நிறம்?