பேக்கமன் சொற்பட்டியல்: "இருமடங்கு உத்தி"யா, "ஆளறி இரட்டிப்பா"?

அன்புள்ள குழுவினருக்கு,

இருவர் பகடை உருட்டிக் காய் நகர்த்தும் பலகை ஆட்டமான பேக்கமனின் விதித்தாளுக்குத் தமிழ்ச் சொற்பட்டியல் போடுகிறோமே, அதில் பெரும்பகுதி முடிந்துவிட்டது. காய், பகடை, கட்டம், ஓட்டம் எல்லாம் சண்டையில்லாமல் நிலைத்துவிட்டன. ஆட்டத்துக்கே "சொக்கட்டான்" என்று பெயர் வைக்கலாம் என்ற யோசனையையும் கைவிட்டது நல்லது. சொக்கட்டான் சிலுவை வடிவத் துணியில் ஆடுவது, நம் வீடுகளில் இன்னும் உயிரோடு இருக்கும் வேறொரு ஆட்டம், அதன் பெயரைப் பிடுங்கி இதற்குக் கொடுக்கக் கூடாது. மிச்சம் இருப்பது சமமில்லாத இருவர் தொடர் (குறித்த புள்ளியை ஒருவர் எட்டும்வரை ஆடும் பல ஆட்டங்கள்) ஆடும்போது பணயத்தை எப்போது இரட்டிப்பது, எப்போது ஏற்பது என்கிற அத்தியாயத்தின் பெயர். பள்ளத்தூர் அண்ணன் எழுதியதிலிருந்து தொடங்குகிறேன்.

> "இருமடங்கு உத்தி" என்று போட்டால் எல்லாருக்கும் புரியும். இதற்கு மேல் எதற்குக் குழப்பம்?

அண்ணே, புரியும்தான், ஆனால் தவறாகப் புரியும். "இருமடங்கு" என்றதும் ஒருவர் தன் இஷ்டத்துக்குப் பணயத்தை இரண்டாக்கிவிடுகிறார் என்று தோன்றுகிறது. நடப்பது அப்படியில்லை. என் முறையில், பகடை உருட்டும் முன், "இந்த ஆட்டத்தை இரண்டு புள்ளிக்கு ஆடலாமா" என்று கேட்கிறேன். எதிராளி ஏற்கலாம், அல்லது அந்த இடத்திலேயே ஒரு புள்ளியைக் கொடுத்து ஆட்டத்தை முடித்துக்கொள்ளலாம். ஏற்றுக்கொண்டால் பணயத்தைக் காட்டும் கட்டை அவர் பக்கம் போய்விடும், அதற்குப் பிறகு நான்குக்குக் கேட்கும் உரிமை அவருக்கு மட்டும்தான். 1920களில் நியூயார்க்கில் இந்த வழக்கம் வந்ததிலிருந்து பேக்கமனின் சாரமே இந்தக் கேட்பதும் பதில் சொல்வதும்தான் என்று நான் நினைக்கிறேன். 2, 4, 8, 16, 32, 64 என்று எண் போட்ட அந்தக் கட்டை பகடைபோல உருட்டப்படுவதே இல்லை, சும்மா உட்கார்ந்து கணக்குச் சொல்கிறது.

நம் பக்கம் ஏலத்தில் விலை சொல்வதைக் "கேட்பது" என்றுதானே சொல்கிறோம். நோன்பு ஏலத்தில் உப்பை யார் எவ்வளவுக்குக் கேட்டார் என்பதுதான் பேச்சு. சீட்டில் 304 ஆடுகிறவர்களும் "எவ்வளவு கேக்குறே" என்றுதான் தொடங்குவார்கள். ஆகவே செயலுக்கு "கேள்வி" போதும்: மேசையில் "ரெண்டு கேக்குறேன்", எழுத்தில் "இரட்டிப்புக் கேள்வி". பதிலுக்கு "ஏற்பு", "விடுகை". பெரியவர்களிடம் கேள்வி கேட்பதுபோல் ஒலிக்குமே என்று ஒருவர் கவலைப்பட்டிருந்தார். ஏலத்தில் அப்பச்சிக்கு எதிராகப் பிள்ளை கேட்டாலும் யாரும் மரியாதைக் குறைவு என்று சொல்வதில்லை, இங்கேயும் அப்படியே இருக்கட்டும். உண்மையில் இந்தச் சொல் எனக்கு வேண்டியிருப்பதே அதற்காகத்தான். விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் பட்டாலையில் உட்கார்ந்து அம்மான்களோடு ஆடும்போது கட்டையைத் தொடவே கூச்சப்படுகிறார்கள். தொடாமல் இருந்தால் அவர்களுக்குத்தான் நஷ்டம். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அத்தியாயத்தின் பெயர் அந்தக் கணக்கிலிருந்துதான் வர வேண்டும்.

முதலில் சமமான இருவர், தொடர் இல்லை, புள்ளிக்கு ஆட்டம். விட்டுவிட்டால் ஒரு புள்ளி போகும். ஒரே நிலையை 100 முறை ஆடுவதாக வைத்துக்கொள்ளுங்கள், விட்டால் 100 புள்ளி நஷ்டம். ஏற்று, 25 முறை வென்று 75 முறை தோற்றால், 50 வரவு, 150 பற்று, அதே 100 நஷ்டம். எனவே 25 விழுக்காடு வாய்ப்பு இருந்தால் ஏற்கலாம். கட்டை கையில் வந்து திருப்பிக் கேட்கும் உரிமை கிடைப்பதால் நடைமுறையில் அதற்குச் சில விழுக்காடு குறைவாக இருந்தாலும் ஏற்கலாம். இந்த வரம்புக்கு "ஏற்பு எல்லை" என்று பட்டியலில் இருக்கிறது, மாற்ற வேண்டாம்.

தொடர் என்று வந்ததும் இந்த 25 நகர ஆரம்பிக்கிறது. எதிராளி நம்மைவிடக் கூடக்குறைய என்றால் இன்னும் நகர்கிறது. 1992 முதல் இயங்கிய ஃபிப்ஸ் என்ற இணைய பேக்கமன் வழங்கியின் தரவரிசைச் சூத்திரத்தில், இருவருக்குமான தர வித்தியாசத்தைத் தொடர் நீளத்தின் வர்க்கமூலத்தால் பெருக்குகிறார்கள். வித்தியாசம் 200 என்றால், ஒரு புள்ளித் தொடரில் எளியவர் வெல்லும் வாய்ப்பு 44 விழுக்காடு. 9 புள்ளித் தொடரில் 33. 25 புள்ளித் தொடரில் 24தான். அதே இரண்டு பேர், அதே பகடை. தொடர் நீள நீளத் திறமை மேலே வருகிறது, குறுகக் குறுக அதிர்ஷ்டம் மேலே வருகிறது. பணயத்தை இரட்டிப்பது தொடரைக் குறுக்குகிறது. ஆகவே எளியவர் முன்கூட்டியே கேட்க வேண்டும், வல்லவர் கொஞ்சம் பொறுக்க வேண்டும். நம் மேசைகளில் நடப்பது நேர் எதிர்: வல்லவர் சாப்பாட்டு நேரத்துக்குள் முடிக்கலாம் என்று அவசரமாகக் கேட்கிறார், எளியவர் மரியாதைக்காகச் சும்மா இருக்கிறார்.

இதைக் கையால் கணக்குப் போட்டுப் பார்க்க நல்ல இடம், ஏழு புள்ளித் தொடரில் 5–5. இங்கே கேள்வி ஏற்கப்பட்டால் அந்த ஓர் ஆட்டமே தொடரைத் தீர்த்துவிடும். விட்டால், விட்டவர் 5–6 என்று பின்தங்குவார். ஒருவர் முதன்முறையாக வெற்றிக்கு ஒரு புள்ளி தூரத்துக்கு வந்ததும், அடுத்து வரும் ஓர் ஆட்டத்தில் மட்டும் (அதுதான் கிராஃபோர்டு ஆட்டம்) கிராஃபோர்டு விதிப்படி யாரும் கேட்க முடியாது. பின்தங்கியவர் அதை இரட்டை வெற்றியாக, அதாவது கேமனாக, வெல்ல வேண்டும், இல்லையென்றால் இரண்டு ஆட்டம் தொடர்ந்து வெல்ல வேண்டும். வெற்றிகளில் 100க்கு 22 கேமன் என்று வைத்தால், சமமானவர்களில் பின்தங்கியவருக்குச் சுமார் 30 விழுக்காடு. அதுதான் இந்த இடத்தில் ஏற்பு எல்லை.

இப்போது ஒருவர் ஓர் ஆட்டத்துக்கு 55, மற்றவர் 45 என்று வைத்து அதே கணக்கைப் போடுங்கள். வல்லவர் விட்டுப் பின்தங்கினாலும் அவருக்கு 36 விழுக்காடு மிச்சம் இருக்கிறது. எளியவர் விட்டால் 26தான் மிஞ்சும். ஆக ஒரே பலகையில், ஒரே நிலையில், வல்லவரின் ஏற்பு எல்லை 36, எளியவருடையது 26. இவ்வளவு பெரிய இடைவெளியை "இருமடங்கு உத்தி" என்ற பெயர் காட்டவே காட்டாது.

இதற்கு எதிராக இழுக்கிற இன்னொன்றும் இருக்கிறது. ஜிஎன்யு பேக்கமன் போன்ற மென்பொருள் ஒரு நிலைக்கு "32 விழுக்காடு" என்று சொன்னால், இரண்டு பேரும் மென்பொருளைப்போலவே ஆடுவார்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறது. காய்கள் பின்னிக் கிடக்கிற நிலையில் எளியவர் இன்னும் நாலைந்து இடத்தில் தடுமாறுவார், வல்லவரின் உண்மையான வாய்ப்பு அந்த 32ஐத் தாண்டி 38, 40 என்றுகூடப் போகலாம். அப்போது 36 என்ற எல்லைக்கு மேலே வந்துவிடுகிறார், ஏற்க வேண்டியதுதான். அதே 32 வெறும் ஓட்டத்தில் வந்தால், காய்கள் ஒன்றையொன்று கடந்துவிட்டன, இனி தடுமாற அதிகம் இடமில்லை, பகடைதான் பேசும், வல்லவர் விட்டுவிட வேண்டும்.

இந்த இரண்டையும் சேர்த்துத் "திறன் விளைவு" என்று ஒரே சொல்லால் சொல்லிவிட்டால் படிக்கிறவருக்கு ஒன்றும் விளங்காது. நான் இரண்டு சொல் முன்வைக்கிறேன். எஞ்சிய ஆட்டங்களிலிருந்து வல்லவர் எதிர்பார்க்கக் கூடியது "தொடர் வரவு". நடக்கிற ஆட்டத்திலேயே எதிராளியின் பிழைகளால் வரக்கூடியது "ஆட்ட வரவு". எளியவருக்கு இரண்டும் பற்று. வீட்டில் பழைய பேரேட்டைப் புரட்டிப் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கமே வேண்டாம், நிலுவையில் இருக்கும் கணக்கு வேறு, இன்றைய கணக்கு வேறு. தொடர் வரவு வல்லவரை விடச் சொல்கிறது, ஆட்ட வரவு ஏற்கச் சொல்கிறது, எது பெரிது என்று பார்ப்பதுதான் இந்த அத்தியாயம் முழுக்க.

எளியவருக்கு ஓர் எச்சரிக்கையையும் இங்கேயே எழுதிவிட வேண்டும். முன்கூட்டியே கேள் என்றால் கண்ட இடத்தில் கேள் என்று அர்த்தமில்லை. 0–0இல் பின்னல் நிலையில் கேட்டால், உயிருள்ள கட்டையைத் தம்மைவிட நன்றாகப் பயன்படுத்தத் தெரிந்தவர் கையில் கொடுக்கிறார். ஓட்டம்போல எளிய நிலையாக இருக்க வேண்டும், அல்லது 5–5போல, ஏற்றவர் திருப்பிக் கேட்டுப் பயனில்லாத, கட்டை செத்துப்போகிற இடமாக இருக்க வேண்டும். ("செத்த கட்டை" என்பது சுபமாக இல்லை என்று யாரோ எழுதினார்கள். காய் செத்தது என்று பிள்ளைகள் தாயத்தில் காலங்காலமாகச் சொல்கிறார்கள், இருக்கட்டும்.)

சரி, பெயருக்கு வருகிறேன். கோட்டையூர் ஆச்சி எழுதியது:

> குறள் 471இல் வினைவலி, தன்வலி, மாற்றான் வலி எல்லாம் தூக்கிச் செய்யச் சொல்லியிருக்கிறது. "வலியறி இரட்டிப்பு" என்று வைக்கலாமே?

ஆச்சி, படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன், அவ்வளவு பொருத்தம். பலகை நிலை வினைவலி, மற்ற இரண்டும் அப்படியே வந்து உட்காருகின்றன. இருந்தும் எனக்கு இரண்டு தடை. இன்று பிள்ளைகளுக்கு "வலி" என்றால் தலைவலி, பல்வலிதான். தலைப்பிலேயே நின்று குழம்புவார்கள். இரண்டாவது தடை பெரிது: அறிய வேண்டியது வலிமை மட்டும் இல்லை. ஒருவர் நன்றாக ஆடுவார், ஆனால் கட்டையைக் கண்டால் பயந்து, ஏற்க வேண்டியதையும் விட்டுவிடுவார். அவரிடம் சீக்கிரமே கேட்டுப் புள்ளியை வாங்கிக்கொள்ளலாம். இன்னொருவர் எதைக் கேட்டாலும் ஏற்பார்; அவரிடம் பொறுத்து, மற்றவர் விட்டுவிடும் அளவுக்கு நிலை ஏறிய பிறகு கேட்டாலும் ஏற்றுக்கொள்வார். ஏற்பா விடுகையா என்று உனக்கே உறுதியில்லாத நிலையில் கேட்டுவிடு என்று பேக்கமன் வல்லுநர் கிட் வூல்சி சொன்ன விதிகூட, எதிராளியும் தவறலாம் என்பதில்தான் நிற்கிறது. திறமை, பழக்கம், பயம் மூன்றையும் பிடிக்கிற சொல் "ஆள்". ஆள் பார்த்துப் பேசுவது, ஆளறிந்து கொடுப்பது எல்லாம் நம் வாயில் தினமும் புழங்குகிறது. எனவே "ஆளறி இரட்டிப்பு". ஆச்சியின் குறளை அத்தியாயத்தின் முதல் பத்தியில் சேர்க்க வேண்டும் என்பதும் என் விருப்பம்.

இந்தச் சொல்லுக்கு இன்னொரு பயனும் உண்டு: எங்கே ஆள் பார்க்கத் தேவையில்லை என்பதையும் அதை வைத்தே சொல்லிவிடலாம். கிராஃபோர்டு ஆட்டம் முடிந்த பிறகு பின்தங்கியவர் எதிரே யார் உட்கார்ந்திருந்தாலும் முதல் வாய்ப்பிலேயே கேட்க வேண்டும். அந்த ஆட்டத்தில் தோற்றால் எப்படியும் தொடர் போய்விடும், பணயம் ஏறியதால் அவருக்குக் கூடுதல் நஷ்டம் எதுவும் இல்லை. அதை இந்த அத்தியாயத்தில் வைக்காமல் முந்தைய விதிகள் பகுதிக்கு நகர்த்திவிடலாம்.

"விடுகை" மட்டும் எனக்கே முழுத் திருப்தி தரவில்லை. "விலகல்" என்றால் தொடரையே விட்டுப் போவதாகப் படுகிறது, "மறுப்பு" என்றால் கேள்வியை மறுத்துவிட்டு ஒரு புள்ளிக்கே ஆட்டத்தைத் தொடரலாம் என்று நினைத்துவிடுவார்கள், அது பெரிய தப்பாகிவிடும். இதைவிட நல்லது யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். மற்றவற்றுக்கு ஆட்சேபம் வராவிட்டால், அண்ணன் ஒருமுறை பார்த்துச் சரி சொன்னதும் தாளில் ஏற்றிவிடுகிறேன்.

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து