கிரீன்லாந்தில் இருக்கிறேன், குடும்பத்தை அழைக்கலாமா? வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும்

பாம்பன்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். இங்கே வந்து நாற்பது நாளாகிறது. மீன் பதப்படுத்தும் தொழிற்சாலையில் வேலை. மனைவியையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் அழைத்து வருவதானால் வெள்ளிக்கிழமைக்குள் சொல் என்கிறார் மேலாளர். நேற்று தூக்கம் வராமல் இந்த நாட்டு மக்கள்தொகைக் கணக்கைப் படித்துத் தொலைத்தேன். இந்தியாவில் மூன்றில் இரண்டு பங்கு பரப்பு, ஆனால் மொத்தமே 57,000 பேர் அளவில்தான். விருதுநகர் ஒன்றிலேயே இதைவிட அதிகம் பேர் இருக்கிறார்கள். இதுவும் வரும் ஆண்டுகளில் குறையும் என்று அரசாங்கமே கணித்திருக்கிறது. நாளைக்குப் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டால்? ஆளே இல்லாத நாட்டில் பிள்ளைகளை ஆளாக்குவது எப்படி? மனைவி தினமும் கேட்கிறாள். நான் "பார்க்கலாம்" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

யூலாந்து அண்ணன்:
தம்பி, பயப்படாதீர்கள். நான் யாழ்ப்பாணத்திலிருந்து டென்மார்க்குக்கு 1986இல் வந்தவன். அகதி முகாமில் ஏழு மாதம். ஒரு அறையில் ஐந்து பேர். அரிசி என்று கடையில் கொடுத்ததைச் சமைத்தால் கஞ்சிதான் வரும், அதற்குத் தொட்டுக்கொள்ள உப்புப் போட்ட வெண்ணெய். அன்றைக்கு ஒரு தமிழ்க் குரலைக் கேட்பதற்காக ரயில் ஏறி இரண்டு மணி நேரம் போவோம். இன்றைக்கு டென்மார்க்கில் பிராண்டே என்ற ஊரில் அபிராமி அம்மன் கோயிலே இருக்கிறது. கிரீன்லாந்தும் டென்மார்க் அரசின் கீழ் உள்ள தன்னாட்சிப் பகுதிதானே, ஆகவே முதலில் டேனிஷ் படியுங்கள். மொழி வந்தால் எல்லாம் வரும்.

நூக்வாசி:
அண்ணன் சொல்வது டென்மார்க்குக்குப் பொருந்தும், இங்கே அல்ல. டேனிஷ் தெரிந்தால் அலுவலகத்தில் வேலை நடக்கும். பக்கத்து வீட்டுப் பாட்டி உங்களை ஆளாக மதிக்க வேண்டுமென்றால் இந்த மக்களின் சொந்த மொழியான கலாஅலிசுட்டில் நாலு வார்த்தை வேண்டும். நான் ஹோட்டல் சமையலறையில் மூன்று ஆண்டாக இருக்கிறேன். நாடு காலியாகிறது என்பது பாதி உண்மை. தலைநகர் நூக்கில் கிட்டத்தட்ட 20,000 பேர், நாட்டில் மூன்றில் ஒருவர் இங்கேதான். நூக்கின் புறநகரான கின்ங்கோர்புட் பக்கம் போனால் புதிது புதிதாக அடுக்குமாடி. 2024 நவம்பரில் பெரிய விமான ஓடுதளமும் திறந்துவிட்டார்கள். குடும்பத்தைத் தாராளமாக அழைத்து வாருங்கள்.

கணக்குப்பிள்ளை:
"குறைகிறது" என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஏன் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறீர்கள்? எங்கே, யார், ஏன் என்று பிரித்துப் பாருங்கள். 1950இல் இங்கே ஏறக்குறைய 23,000 பேர். காசநோய் கட்டுக்குள் வந்தது, மருத்துவம் வந்தது, இருபதே ஆண்டில் தொகை இரட்டிப்பானது. அறுபதுகளில் பிறந்தவர்கள்தான் இந்த நாட்டின் மிகப் பெரிய தலைமுறை. வயது வாரியாக வரைபடம் போட்டால் நடுவயிறு தள்ளிய ஆளைப் போல அந்த இடம் மட்டும் உப்பியிருக்கும்.

அதற்குக் கீழே இடுப்பு திடீரென்று ஒடுங்குகிறது. 1966 முதல் டேனிஷ் மருத்துவர்கள் சில ஆண்டுகளுக்குள் சுமார் 4,500 பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் கருத்தடை வளையம் பொருத்தினார்கள், பலருக்குத் தெரியாமலே. பிறப்பு பாதியாகச் சரிந்தது. இதற்கு டென்மார்க் பிரதமர் மன்னிப்புக் கேட்டது 2025இல்தான். அந்த உப்பிய தலைமுறை இப்போது ஓய்வு பெறுகிறது, அவர்கள் இடத்தில் நிற்க அதே எண்ணிக்கையில் ஆள் இல்லை. படிக்கப் போகும் இளம்பெண்களில் பலர் டென்மார்க்கிலேயே தங்கிவிடுகிறார்கள். இங்கே நூற்றுக்கு 53 பேர் ஆண்கள் என்பதற்கு அதுவும் ஒரு காரணம். கூட்டிப் பாருங்கள்: உங்களைப் பயமுறுத்துகிற அதே கணக்குதான் பாம்பனிலிருந்து உங்களை விமானம் ஏற்றியது.

கறிவேப்பிலைக் கனவு:
கணக்கெல்லாம் சரி ஐயா. கழிவு போக மீதிச் சம்பளத்தில் நாற்பது சதவீதத்துக்கு மேல் வரியாகப் போகிறதே, அதை யாராவது சொன்னீர்களா? குளிர்காலத்தில் கடையில் ஒரு கத்தரிக்காயைக் கையில் எடுத்து, விலையைப் பார்த்து, குழந்தையைத் தொட்டிலில் வைப்பதுபோல் மெதுவாகத் திரும்ப வைத்துவிட்டு வந்தேன். ஊருக்கு ஊர் சாலை கிடையாது. பக்கத்து ஊருக்குப் போக வேண்டுமானாலும் விமானம், ஹெலிகாப்டர், இல்லாவிட்டால் படகு. புயலடித்தால் அதுவும் இல்லை.

நூக்வாசி:
கத்தரிக்காய் வேண்டுமென்றால் கும்பகோணத்திலேயே இருந்திருக்கலாமே.

திருச்சிப் பையன்:
அமெரிக்க அதிபர் அந்த நாட்டையே வாங்கப்போகிறாராமே, அப்போது விசா என்ன ஆகும்?

யூலாந்து அண்ணன்:
தம்பி, அந்தப் பேச்சு வேண்டாம். எண்பத்தாறிலும் எங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று வாரம் ஒரு வதந்தி வரும். முகாமில் ஒருவர் பெட்டியைக் கட்டியபடியே ஒரு வருடம் வைத்திருந்தார்.

ஆர்ஹுஸ் அக்கா:
எல்லோரும் கொஞ்சம் நிறுத்துங்கள். தம்பி கேட்டு ஒரு நாள் ஆகிறது, இன்னும் எந்த ஊர் என்றுகூட யாரும் கேட்கவில்லை. நான் நர்ஸ் வேலையாக இரண்டு முறை அங்கே ஒப்பந்தத்தில் போயிருக்கிறேன். தம்பி, நாலு விஷயம் சொல்லுங்கள். எந்த ஊர்? வீடு யார் பெயரில்? ஒப்பந்தம் எதுவரை? பிள்ளைகளுக்கு என்ன வயது?

பாம்பன்காரன்:
மன்னிக்கவும் அக்கா. நூக் இல்லை. வடமேற்கில் ஒரு சிறு குடியிருப்பு, 200 பேர் இருப்பார்கள். பெயரைச் சொன்னால் என்னை அடையாளம் கண்டுவிடுவார்கள், இங்கே தமிழன் நான் ஒருவன்தான். வீடு தொழிற்சாலையினுடையது. குழாய் இல்லை, ஊர்த் தண்ணீர் நிலையத்தில் கேனில் பிடித்து வருகிறேன். ஒப்பந்தம் அக்டோபர் வரை, பிறகு நீட்டிப்போம் என்று வாயால் சொன்னார்கள். பெரியவளுக்குப் 12, சின்னவளுக்கு 6.

நூக்வாசி:
நான் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். 200 பேர் என்றால் கதையே வேறு.

ஆர்ஹுஸ் அக்கா:
இதை முதல் வரியிலேயே சொல்லியிருக்கலாம், பரவாயில்லை. நாடு காலியாகுமா என்பது உங்கள் கேள்வியே அல்ல தம்பி. அங்கே 17 ஊர்களை நகரம் என்கிறார்கள், மீதி ஐம்பதுக்கும் மேற்பட்டவை சிறு குடியிருப்புகள். எட்டில் ஒருவர்தான் இப்போது குடியிருப்பில் வாழ்கிறார். குறைவதெல்லாம் முதலில் அங்கேதான் குறையும். இளம் குடும்பம் ஒன்று நகரத்துக்குப் போனால் பள்ளியில் மூன்று நாற்காலி காலியாகும். டிஸ்கோ தீவில் குல்லிசாத் என்ற நிலக்கரி ஊரில் ஆயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள். 1972இல் அரசாங்கம் ஊரையே மூடியது. இன்றைக்குச் சட்டம் போட்டு மூடுவதில்லை, ஆனால் மீன் வரத்து நின்று தொழிற்சாலை மூடினால் ஊர் தானாக இளைத்துவிடும்.

பெரியவள் விஷயம் முக்கியம். பல குடியிருப்புப் பள்ளிகளில் மேல் வகுப்புகள் கிடையாது. பிள்ளைகளை நகரத்து விடுதிக்கு அனுப்புவார்கள். பாடம் கலாஅலிசுட்டில். 12 வயதில் புது மொழி, புதுக் குளிர், அடுத்து விடுதி. சின்னவளுக்குக் கவலையில்லை, ஆறு மாதத்தில் உங்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்வாள்.

வீடு வேலையோடு கட்டியது. வேலை போனால் வீடும் போகும். நகரத்தில் பொது வீட்டுக்கு வரிசையில் நிற்பவர்கள் நூக்கில் பத்து ஆண்டுக்கு மேல்கூடக் காத்திருக்கிறார்கள். ஆகவே நீட்டிப்பை எழுத்தில் வாங்காமல் யாருக்கும் டிக்கெட் போடாதீர்கள். இன்னொன்று, ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் பொது விசா ஏற்பாட்டில் கிரீன்லாந்து சேராது, டென்மார்க்குக்கான அனுமதியை வைத்துக்கொண்டு அங்கே குடியேற முடியாது. குடும்பத்துக்கான விண்ணப்பத்தில் கிரீன்லாந்து என்றே குறிப்பிட்டிருக்க வேண்டும். கோப்பன்ஹேகன் வழியாக வருவதற்கு விசா வேண்டுமா என்பதையும் முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கணக்குப்பிள்ளை:
ஒன்று மட்டும் சேர்க்கிறேன். இலுலிசாட், சிசிமியுட் போன்ற சில ஆயிரம் பேர் உள்ள ஊரிலும் மீன் தொழிற்சாலைகள் உண்டு. ஆள் பற்றாக்குறை அங்கேயும்தான். மாற்றல் கேட்பதில் தவறில்லை, பேரம் உங்கள் பக்கம் இருக்கிறது.

பாம்பன்காரன்:
இன்று மதியம் பள்ளிக்கூடம் போனேன். சிவப்பு மரக்கட்டிடம், வாசலில் பதினாறு ஜோடி பனிச்செருப்பு. ஆசிரியை சுவரில் இருந்த பழைய படத்தைக் காட்டினார், அதில் நாற்பது பிள்ளைகளுக்கு மேல் எண்ணினேன். மேல் வகுப்பு இங்கே கிடையாதாம், அக்கா சொன்னபடியேதான். வெளியே வரும்போது ஒரு பையன் என்னைப் பார்த்து "ஹாலிபட்!" என்று கத்தினான். அது இங்கே பதப்படுத்தும் மீனின் பெயர், நான் தொழிற்சாலைக்காரன் என்று தெரிந்துவைத்திருக்கிறான்.

மேலாளரிடம் குடும்ப விண்ணப்பம் இப்போது வேண்டாம், நீட்டிப்பை எழுத்தில் கொடுங்கள், இலுலிசாட்டில் இடம் இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் மாறவில்லை, வரிசையில் இரண்டாவது ஆள் நீ என்றார். முதல் ஆள் யார் என்றேன். நான்தான் என்றார்.

யூலாந்து அண்ணன்:
தம்பி, அஞ்சல் பெட்டி எண்ணைத் தனியாக அனுப்புங்கள். மிளகாய்த்தூளும் கறிவேப்பிலையும் அனுப்புகிறேன். காய்ந்ததுதான், பரவாயில்லையா?