பழைய ஃபைபர் படகு, பின்பலகை ஊறிவிட்டது. என்ன செய்யலாம்?

வணக்கம். பழவேற்காட்டில் இருந்து எழுதுகிறேன். சித்தப்பா ஓட்டிய 18 அடி ஃபைபர் படகு ஆறு வருஷமாகக் கரையில் கிடந்தது. அதைத் தேற்றி ஏரிக்குள் ஓட்ட ஆசை. கடலுக்கு இல்லை.

படகின் உடம்பு பரவாயில்லை. சிக்கல் எஞ்சின் மாட்டும் பின்பலகையில்தான். சுத்தியலால் தட்டினால் ஓரத்தில் 'டங்'கென்கிறது, போல்ட் ஓட்டைகளைச் சுற்றி 'பொத்து பொத்து'. ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி உள்ளே இருக்கும் பிளைவுட் ஊறியிருக்கிறது. மேலே இரண்டு கோட் ரெசினும் (ஃபைபரை இறுக்கும் பிசின்) கண்ணாடி இழை மேட்டும் போட்டால் போதும் என்கிறார் எங்கள் ஊர் மேஸ்திரி. எனக்கு மனசு ஒப்பவில்லை. ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் மரம் இன்னும் மக்கத்தானே செய்யும்? உள்பக்கமாக வெட்டி மரத்தை மாற்றியவர்கள் உண்டா? பழைய ஃபைபரோடு ஒட்ட எபாக்சி ரெசினா, பாலியெஸ்டர் ரெசினா?

அப்புறம் எஞ்சின். பழைய டூ ஸ்ட்ரோக்கை விட்டு 9.9 குதிரைத்திறன் ஃபோர் ஸ்ட்ரோக் வாங்க நினைக்கிறேன், எடைதான் கூடுதல். பலகை உயரம் 15 அங்குலம், ஆகவே ஷார்ட் ஷாஃப்ட் (கால் நீளம் குறைந்த) எஞ்சின்தான். கோடையில் ஏரி வற்றும்போது புரொப்பல்லர் சேற்றில் மாட்டாமல் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

ஆந்திராவில் தடா, சூளூர்பேட்டை பக்கம் நல்ல ஃபைபர் வேலைக்காரர் இருந்தாலும் சொல்லுங்கள் அண்ணா, தெலுங்கு சமாளித்துக்கொள்வேன்.