லைட் பதிப்பு: இலகுவா, குறையா?

வணக்கம்.

செயலிப் பெயர்களிலும் பொருள்களிலும் வரும் 'லைட்' (Lite) என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று நம் கலைச்சொல் பட்டியலுக்காகப் பேசிக்கொண்டிருக்கிறோம். அதற்கு ஐயா முன்வைத்த 'நொய்ம்பதிப்பு' பொருளளவில் சரிதான். கனமில்லாததற்கு நொய் என்ற சொல் அகராதியிலேயே இருக்கிறது. ஆனால் மளிகைக் கடையில் நொய் கேட்டால் உடைந்த அரிசியைத்தான் அளந்து போடுவார்கள். செயலிப் பெயரில் அதைப் பார்ப்பவருக்குக் கஞ்சி நினைவுதான் வரும்.

அதற்காக 'லைட்' என்றே விட்டுவிடலாம் என்பதையும் ஏற்க முடியவில்லை. ஆங்கிலத்தில் light என்பதன் நடுவில் இருந்த ஊமை எழுத்துகளைக் கழித்து lite என்று எழுதுகிறார்கள். சொல்லே இளைத்தது கண்ணுக்குத் தெரிகிறது. தமிழில் எழுதியதும் அந்த வேடிக்கை போய்விடும். விளக்கும் லைட், டிக்காஷன் குறைந்த டீயும் லைட். நான் தமிழாக்கிய ஒரு செயலியில் 'லைட்' என்றிருந்ததைப் பார்த்து, டார்ச் எரியும் என்று எங்கள் அத்தை அழுத்திக்கொண்டே இருந்தார்.

2015இல் வந்த ஃபேஸ்புக் லைட், 2ஜி இணைப்புக்கும் பழைய கைபேசிக்குமாகச் செய்தது. அங்கே பேச்சு உண்மையிலேயே கனத்தைப் பற்றியது. 'இலகு பதிப்பு' போதும். இலகுரக வாகனம் என்று ஏற்கெனவே புழங்குகிறோம். ஈழத்து நண்பர்களுக்கு இலகு என்றால் சுலபம்தான் முதலில் தோன்றும். தோன்றினாலும் கெடுதல் இல்லை.

பாதி வசதியைப் பூட்டிவைத்து, காசு கொடுத்தால் திறக்கும் லைட் வேறு சங்கதி. அதையும் இலகு என்றால் விற்பவருக்கு நாம் வக்காலத்து வாங்குவதாகும். 'குறைப்பதிப்பு' என்பேன். குற்றம் சொல்வதுபோல் தொனிக்கிறதே என்பீர்கள், தொனிக்கட்டும்.

உப்புப் பொட்டலத்தில் லைட் என்றால் சோடியம் குறைவு. கிலோ வாங்கினால் கிலோதான். 'சோடியம் குறைத்த உப்பு' என்று நேராகச் சொல்லிவிடலாம்.

சிக்கல் யுபிஐ லைட்டில். 2022இல் வந்தது, முன்கூட்டியே கொஞ்சம் பணத்தை ஒதுக்கிவைத்து, சிறு தொகைகளைப் பின் (PIN) எண் இல்லாமல் கொடுக்கலாம். காய்கறிக்கென்று சுருக்குப்பையில் தனியாக முடிந்துவைக்கும் காசு மாதிரி. பெயரை அப்படியே விட்டு, விளக்கத்தில் 'சில்லறைப் பை' என்று போடலாமா?

எஸ்கியூலைட் (SQLite) என்ற தரவுத்தள மென்பொருளையும் யாரோ 'இலகு' வரிசையில் சேர்த்திருக்கிறார்கள். அதை உருவாக்கிய ரிச்சர்ட் ஹிப், கிராஃபைட், பாக்சைட் போலக் கனிமப் பெயராக 'எஸ்-கியூ-எல்-ஐட்' என்றே உச்சரிக்கிறார். பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறேன், மறுப்பிருந்தால் சொல்லுங்கள்.