சூப்பர் மார்க்கெட் பெட்ரோல் போட்டால் என்ஜின் கெட்டுவிடுமா?

கேள்வி: அண்ணா, இங்கிலாந்தில் மில்டன் கீன்ஸுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. போன வாரம் 2014 மாடல் பெட்ரோல் கார் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். வீட்டுப் பக்கத்து சூப்பர் மார்க்கெட் பங்க்கில் லிட்டருக்கு 4 பென்ஸ் குறைவு. கூட வேலை பார்ப்பவரோ, "அது தண்ணி பெட்ரோல், ஷெல், பிபி தவிர எதையும் போடாதே" என்கிறார். இருப்பதே ஒரு கார். எதை நம்புவது?

பதில்: தம்பி, சூப்பர் மார்க்கெட்டிலேயே போடுங்கள். நான் 11 வருடமாக அதைத்தான் போடுகிறேன். உங்கள் நண்பர் சொல்வதில் கடுகளவு உண்மை உண்டு, அதற்கும் வருகிறேன்.

இந்தப் பயம் நமக்கு ஊரிலிருந்தே வந்தது. அங்கே ஒரே சாலையில் மூன்று பங்க் இருந்தாலும் விலை சில பைசாதான் முன்னே பின்னே இருக்கும். எவனாவது நாலு ரூபாய் குறைத்து விற்றால் மண்ணெண்ணெய் கலந்துவிட்டான் என்றுதான் தோன்றும். ஃபில்டர் பேப்பர் கேட்டு வாங்கி ஒரு சொட்டு விட்டுப் பார்க்கிற அப்பாக்களின் பிள்ளைகள் நாம். இங்கே ஒவ்வொரு பங்க்கும் தன் விலையைத் தானே வைக்கிறது. சூப்பர் மார்க்கெட்டுக்கு பெட்ரோல் என்பது ஆளை உள்ளே இழுக்கிற தூண்டில். போட வந்தவர் பாலும் ரொட்டியும் வாங்காமல் போகமாட்டார். அதோடு லிட்டர் கணக்கு மிகப் பெரியது, அதனால் லாபத்தைக் குறைத்துக்கொண்டாலும் கட்டுப்படியாகும்.

அந்த 4 பென்ஸ் எங்கிருந்து குறைகிறது என்றும் பாருங்கள். 2022 மார்ச்சில் 5 பென்ஸ் குறைத்த பிறகு எரிபொருள் வரி லிட்டருக்கு 52.95 பென்ஸ் என்று ஆனது. அதற்கும் சேர்த்து மேலே 20 சதவீத வாட், அதாவது விற்பனை வரி. ஆக நீங்கள் கொடுக்கிற காசில் பாதிக்குப் பக்கம் அரசாங்கத்துக்குப் போகிறது. ஷெல்லுக்கும் அதே வரிதான், சூப்பர் மார்க்கெட்டுக்கும் அதே வரிதான். வித்தியாசம் வருவது லாபம், வாடகை, விளம்பரம் இதிலெல்லாம்தான்.

சரி, சரக்கு? பிரிட்டனில் இப்போது ஓடுகிற பெரிய சுத்திகரிப்பு ஆலைகளை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம்: ஃபாலி, பெம்ப்ரோக், ஸ்டான்லோ, ஹம்பர். மீதி கப்பலில் வருகிறது. எல்லாம் ஆங்காங்கே உள்ள சேமிப்புக் கிடங்குகளுக்குப் போய்ச் சேரும். அங்கே வெவ்வேறு கம்பெனி டேங்கர்கள் ஒரே கிடங்கில் வரிசையில் நின்று நிரப்பிக்கொள்ளும். பெயர் எதுவாக இருந்தாலும் விற்கிற பெட்ரோல் பிஎஸ் ஈஎன் 228 என்கிற தரத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும். தண்ணி பெட்ரோல் என்று தனியாக ஒரு வகை கிடையாது.

இன்னொரு வேடிக்கை. மாரிசன்ஸ் சூப்பர் மார்க்கெட் 2024-ல் தன்னுடைய 337 பங்க்குகளை மோட்டார் ஃப்யூயல் குரூப் என்கிற கம்பெனிக்கு விற்றுவிட்டது. அதே கம்பெனி ஷெல், பிபி, எஸ்ஸோ பெயர்ப்பலகை வைத்த பங்க்குகளையும் நடத்துகிறது. பலகையைப் பார்த்து ஜாதகம் சொல்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இப்போது அந்தக் கடுகளவு உண்மை. டேங்கரில் ஏற்றும்போது ஒவ்வொரு கம்பெனியும் தன் சேர்மானத்தைக் கலக்கும். அதில் முக்கியமானது, என்ஜினுக்குள் கரி படியாமல் பார்த்துக்கொள்கிற டிடர்ஜென்ட். மீன் குழம்பு மசாலா மாதிரி, எவரும் ரெசிப்பியை வெளியே சொல்லமாட்டார்கள். பெரிய பிராண்டுகள் இதில் செலவழிக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் உங்கள் காரில் அது எவ்வளவு வேலை செய்யும் என்பது என்ஜினைப் பொறுத்தது. பழைய பாணி என்ஜினில் பெட்ரோல் வால்வின் முதுகில் பட்டு உள்ளே போகும், அதனால் வால்வையும் கழுவும். இப்போது பல கார்களில் பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சுகிறார்கள். அதில் வால்வின் மேல் ஒரு சொட்டும் படாது. எவ்வளவு உயர்ந்த டிடர்ஜென்ட் போட்டாலும் இன்ஜெக்டர் சுத்தமாகும், வால்வு ஆகாது.

வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றும்: "மலிவு பெட்ரோலில் 19 மடங்கு கரி." அந்த எண் பொய் இல்லை. அமெரிக்காவின் வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ 2016-ல் சோதித்துச் சொன்னது. ஆனால் அவர்கள் ஒப்பிட்டது 'டாப் டியர்' தரம் பெற்ற பெட்ரோலையும் பெறாததையும். 2004-ல் கார் கம்பெனிகள் சேர்ந்து கொண்டுவந்த தரம் அது. மலிவாக விற்கிற காஸ்ட்கோவும் அங்கே அந்தப் பட்டியலில் இருக்கிறது! அமெரிக்கக் கணக்கை அப்படியே மில்டன் கீன்ஸில் கொண்டுவந்து ஒட்டக்கூடாது.

கெட்ட பெயருக்கு வேறொரு காரணமும் உண்டு. 2007 பிப்ரவரி கடைசியில் தென்கிழக்கு இங்கிலாந்தில் ஏகப்பட்ட கார்கள் திக்கித் திணறின. பெட்ரோலில் சிலிக்கான் கலந்து, எக்ஸாஸ்டில் உள்ள ஆக்சிஜன் சென்சாரைக் கெடுத்துவிட்டது. மாட்டியவர்களில் பெரும்பாலோர் சூப்பர் மார்க்கெட்டில் போட்டவர்கள். எசெக்ஸில் ஒரு சேமிப்புக் கிடங்கில் நடந்த கோளாறு அது. கிடங்கில் கெட்டால் அங்கே நிரப்பிய எல்லோருக்கும்தான் கெடும். ஆனாலும் மெக்கானிக்குகள் வாயில் அந்தக் கதை இன்னும் ஓய்ந்தபாடில்லை.

எனக்கே நடந்தது கேளுங்கள். என் முதல் கார் 2006 மாடல். ஒரு நாள் மேடு ஏறும்போது குலுங்கி, என்ஜின் விளக்கு எரிந்தது. ஒரு கராஜில் காட்டினேன். போனட்டைக்கூடத் திறக்காமல், "சூப்பர் மார்க்கெட் பெட்ரோலா?" என்றார். இரண்டு மாதம் விலை கூடிய பெட்ரோலாகப் போட்டேன், குலுக்கல் நிற்கவில்லை. வேறொருவரிடம் போனபோது மெஷினை மாட்டிப் பார்த்து, பெட்ரோலைப் பற்றவைக்கிற பொறிக்கு மின்சாரம் கொடுக்கும் இக்னிஷன் காயில் போயிருக்கிறது என்றார். அரை மணி நேர வேலை.

அடுத்து ஆக்டேன். சாதாரண பெட்ரோல் 95. டெஸ்கோ சூப்பர் மார்க்கெட்டின் மொமென்டம் 99, ஷெல்லின் வி-பவர் இரண்டும் 99. எண் கூடினால் வண்டிக்கு வலு கூடும் என்று அர்த்தம் இல்லை. என்ஜினுக்குள் முன்கூட்டியே வெடிக்காமல் தாங்குகிற சக்தி அது. பெட்ரோல் மூடிக்குள்ளேயே என்ன போட வேண்டும் என்று எழுதியிருக்கும். 95 என்றிருந்தால் 95 போடுங்கள்.

2021 செப்டம்பரிலிருந்து இங்கே சாதாரண பெட்ரோல் ஈ10, அதாவது 10 சதவீதம் வரை எத்தனால். ஊரில் ஈ20 சண்டையைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு இது பாதிதான். 2011-க்குப் பிறகு வந்த புது கார் எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொள்ளும், உங்களுடையது தாராளமாக. அதற்கு முந்தையது வைத்திருப்பவர்கள் அரசாங்க இணையதளத்தில் கார் கம்பெனி பெயரைக் கொடுத்துச் சரிபாருங்கள். ஒத்துவராது என்றால் சூப்பர் அன்லெடட் என்கிற பெட்ரோல், அதுதான் ஈ5.

மலிவு என்று ஊர் சுற்றவும் வேண்டாம். 40 லிட்டருக்கு 4 பென்ஸ் என்றால் மிச்சம் 1 பவுண்டு 60 பென்ஸ். அதற்காக 5 மைல் போய் 5 மைல் திரும்பினால், 40 எம்பிஜி, அதாவது கேலனுக்கு 40 மைல் தருகிற காரில் கால் கேலன், அதாவது 1.14 லிட்டர் தீரும். லிட்டர் 1 பவுண்டு 40 என்று வைத்தால் 1 பவுண்டு 59 பென்ஸ். ஒரு பென்னிக்கு அரை மணி நேரம்! சூப்பர் மார்க்கெட் என்றாலே மலிவு என்பதும் எப்போதும் சரியில்லை. போட்டி ஆணையமான சிஎம்ஏ 2023-ல் விசாரித்தபோது, 2019-க்கும் 2022-க்கும் நடுவில் சூப்பர் மார்க்கெட்டுகளின் லாபம் லிட்டருக்கு 6 பென்ஸ் கூடியிருந்தது. வழியில் உள்ள பலகையைப் பார்த்துப் போடுங்கள். மோட்டார்வே ஓரத்து சர்வீஸ் பங்க்கில் மட்டும் முடிந்தவரை வேண்டாம், அங்கே விலை அநியாயம்.

புதிதாக வந்தவர்களுக்கு ஒன்று: பம்ப்பிலேயே கார்டு போட்டால், 20 பவுண்டுக்கு அடித்தாலும் முதலில் 100 பவுண்டு அல்லது அதற்கு மேலும் பிடித்து வைத்துவிட்டுப் பிறகு சரிசெய்வார்கள். மாதக் கடைசியில் பதறாதீர்கள். கணக்கில் அவ்வளவு இல்லை என்றால் உள்ளே போய்க் கட்டுகிற பம்ப்பில் நிறுத்துங்கள். ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோலில் கோளாறு என்று பின்னால் சொல்ல வேண்டி வந்தால் அதுதான் சாட்சி.

இன்னொருவர் கேட்டது: அண்ணா, டிசம்பரில் ஆறு வாரம் ஊருக்குப் போகிறோம். டேங்கில் ஈ10 இருந்தால் கெட்டுப்போகுமா?

பதில்: ஆறு வாரத்தில் பெட்ரோலுக்கு ஒன்றும் ஆகாது. குளிரில் முதலில் சாவது பேட்டரிதான். பக்கத்து வீட்டுக்காரரிடம் சாவி கொடுத்து வாரம் ஒருமுறை அரை மணி நேரம் ஓட்டச் சொல்லலாம் என்று தோன்றும். அவர் பெயர் இன்சூரன்ஸில் இல்லை என்றால் அதைச் செய்யாதீர்கள். பேட்டரி சார்ஜர் ஒன்று வாங்கிவிடுங்கள்.

ஈஸ்ட் ஹாமிலிருந்து ஒரு தங்கை: அண்ணா, எங்களுடையது டீசல். யாழ்ப்பாணத்தில் பெட்ரோல் செட்டில் ஆளே அடித்துத் தருவார், இங்கே நாங்களேதான் அடிக்க வேண்டும். இவர் அவசரத்தில் பச்சைக் குழாயை எடுத்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: நியாயமான பயம். பெட்ரோல் குழாயின் வாய் சிறியது, டீசல் டேங்கில் தாராளமாக நுழையும். பச்சை என்றால் பெட்ரோல், கறுப்பு என்றால் டீசல். லேபிளில் வட்டத்துக்குள் இருப்பது பெட்ரோல், சதுரத்துக்குள் பி7 என்றிருப்பது டீசல். மாற்றி அடித்துவிட்டால் சாவியைத் தொடவே கூடாது. ஸ்டார்ட் செய்தால் அது பம்ப், இன்ஜெக்டர் வரை போய்விடும். நியூட்ரலில் ஓரமாகத் தள்ளிவிட்டு, உள்ளே சொல்லிவிட்டு, டேங்கைக் காலி செய்கிறவர்களைக் கூப்பிடச் சொல்லுங்கள். அவரைத் திட்டுவதை வீட்டுக்கு வந்து வைத்துக்கொள்ளலாம்.