தமிழர் பகுதி வீடுகள்: முகப்பைக் காப்பாற்றுவதா, குடியிருப்பவரைக் காப்பாற்றுவதா?

திண்ணைக்காரி:
புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில் குடியிருப்பவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா? எங்கள் தெருவில் போன மாதம் இன்னொரு திண்ணை வீட்டை இடித்துவிட்டார்கள். தேக்குத் தூண்களை லாரியில் ஏற்றியதை நின்று பார்த்தேன், மனசு ஆறவில்லை. பழைய வீடுகளை விற்கவோ இடிக்கவோ கூடாது என்று சட்டம் போட வேண்டும் என்கிறார்கள் பலர். சட்டம் மட்டும் போதும் என்று நான் நினைக்கவில்லை. வைசியாள் வீதியைப் பாருங்கள். 2002 முதல் 2004 வரை ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் என்ற நகர மேம்பாட்டுத் திட்ட நிதியில் நகராட்சியும், பழைய கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பும் சேர்ந்து அந்த வீதியைச் சீர்செய்தன. முகப்பு வேலைக்கான செலவில் பாதியைத் திட்டம் கொடுத்தது, மறுபாதியை வீட்டுக்காரர்களே போட்டார்கள். கீழ்த்தளம் திண்ணையும் தூணுமாகத் தமிழ் வீடு, மாடி வளைவு ஜன்னலோடு பிரெஞ்சு வீடு. அந்த அழகு அப்படியே திரும்பி வந்தது. 2008இல் யுனெஸ்கோ விருதும் கிடைத்தது. சொந்தப் பணம் போட்டவர்கள் அந்தச் சுவரைச் சும்மா விட்டுவிட மாட்டார்கள். வழி அதுதான்.

மேற்குவாசல்:
அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள். அப்படி விற்றவர்களில் நானும் ஒருவன். நாங்கள் நான்கு பங்காளிகள். அம்மா படுத்திருந்த அறைக்கு மேலே உத்தரத்தைக் கரையான் அரித்துவிட்டது, ஒவ்வொரு ஐப்பசியிலும் பாத்திரம் வைத்துத் தண்ணீர் பிடித்தோம். கடன் கேட்டுப் போன இடத்தில், இவ்வளவு பழைய கட்டடத்துக்குத் தர மாட்டோம் என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவிட்டார்கள். 2014 நவம்பர் மழையில் கடற்கரையில் இருந்த மேரி கட்டடமே, அதுதான் பிரெஞ்சுக்காரர் காலத்து நகராட்சிக் கட்டடம், சரிந்து விழுந்தது. அரசுக் கட்டடத்துக்கே அந்தக் கதி என்றால், மாதச் சம்பளக்காரன் என்ன செய்வான்? முகப்புக்குப் பாதிப் பணம் என்கிறீர்கள். தெருவில் போகிறவர்கள் பார்க்கிற சுவருக்குப் பணம் உண்டு, எங்கள் தலைக்கு மேலிருக்கும் கூரைக்குக் கிடையாது. இது யாருக்கான பாதுகாப்பு?

கொத்தனார்மகன்:
கூரை என்றதால் நானும் சொல்கிறேன். அப்பாவோடு சுண்ணாம்பு வேலை பார்த்து வளர்ந்தவன் நான். இந்தப் பழைய வீடுகளின் தட்டைக் கூரைக்கு மெட்ராஸ் டெரஸ் என்று பெயர். தேக்குச் சட்டங்களின் மேல் செங்கல்லைக் குறுக்காக நிறுத்தி அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்து, நாள்கணக்கில் கட்டையால் தட்டித் தட்டி இறுக்குவது. மேலே தட்டையான ஓடு பதிப்பார்கள். அந்தத் தளத்தில் முதல் விரிசல் விழும்போது அரை மூட்டைச் சுண்ணாம்பில் சரிசெய்துவிடலாம். எல்லோரும் என்ன செய்கிறார்கள்? சிமென்ட் பூசுகிறார்கள். சிமென்ட் ஈரத்தை வெளியே விடாது, உள்ளேயே நிறுத்திவிடும். அப்புறம் அந்த ஈரம் மரத்தில் இறங்குகிறது, கரையான் வருகிறது. மேற்குவாசல் அண்ணா, உங்கள் வீட்டிலும் சிமென்ட் போட்டிருந்தீர்களா?

மேற்குவாசல்:
போட்டோம் தம்பி. இரண்டு தடவை. எங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை.

மார்க்கெட்பையன்:
நான் இரண்டு பேருக்கும் எதிர்ப்பக்கம். ஹோட்டலும் காபிக் கடையும் வந்ததால்தான் பல வீடுகள் இன்றைக்கும் நிற்கின்றன. பெருமாள் கோயில் வீதியில் பழைய வீட்டை விடுதியாக்கியதால் முற்றமும் தூணும் பிழைத்தன. காசு வருகிற வீடுதான் நிற்கும். இதில் பாசத்தைக் கலக்காதீர்கள்.

திண்ணைக்காரி:
தம்பி, தூண் பிழைத்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் திண்ணை எதற்குக் கட்டினார்கள்? தெருவில் போகிறவர் வெயிலுக்கு உட்கார. அதற்கும் முன்னால், மரக்காலில் ஓடு சாய்த்து ஒரு தாழ்வாரம் இருந்தது. வழிப்போக்கர் ஒதுங்கவே அதை விட்டார்கள். சாலைக்காக அதைப் பல தெருக்களில் எடுத்துவிட்டார்கள். மிச்சமிருக்கும் திண்ணையிலும் காவலாளியை நிறுத்தினால், வீடு இருக்கும், தெரு இருக்காது. நீங்கள் நம் ஊர்ப் ‘பெரிய மார்க்கெட்’காரர் என்று பெயரே சொல்கிறது. மார்க்கெட்டை முழுக்க இடித்துப் புதிதாகக் கட்டுவோம் என்றபோது வியாபாரிகள்தானே எதிர்த்து நின்றார்கள்? எங்களைக் கேட்காமல் எங்கள் இடத்தைத் தீர்மானிக்காதே என்றுதானே சொன்னார்கள்? நாங்கள் சொல்வதும் அதே சொல்தான்.

மார்க்கெட்பையன்:
அது எங்கள் பிழைப்பு, அக்கா. கடையை ஒரு வருஷம் மூடினால் வாடிக்கை போய்விடும். வீடு அப்படி இல்லை. ஆனால் கேட்காமல் செய்யக் கூடாது என்பதில் உங்களோடு நிற்கிறேன்.

கொத்தனார்மகன்:
எனக்கு ஒன்றே ஒன்றுதான். பணம் வந்தால் முகப்புக்கு முன்னால் கூரைக்குப் போகட்டும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. வேலை தொடர்ந்து இருந்தால்தான் அடுத்தவன் கற்றுக்கொள்வான்.

திண்ணைக்காரி:
தம்பி சொன்னதை ஏற்கிறேன், முதலில் கூரைதான். நான் முகப்பையே பேசிக்கொண்டிருந்தது தவறு. எங்கள் தெருவில் ஆறு வீட்டுக்காரர்கள் சேர்ந்து பேசியிருக்கிறோம். சித்திரை வெயிலில் ஒரே சமயத்தில் ஆறு தளத்தையும் பார்த்தால் ஆள் கூலியும் சுண்ணாம்பு குழைக்கிற செலவும் பகிர்ந்து போகும். மேற்குவாசல், உங்கள் பங்காளிகளில் யாராவது இன்னும் பழைய வீட்டில் இருக்கிறார்களா?

மேற்குவாசல்:
பெரியண்ணன் பங்கு பின்கட்டு, அதை அவர் விற்கவில்லை. கூரையைப் பார்க்க ஆள் வருவார்கள் என்று இன்றைக்கே அவரிடம் சொல்கிறேன். ஆனால் விற்கவே கூடாது என்று சட்டம் வந்தால் முதல் ஆட்சேபணை மனு என்னுடையதாகத்தான் இருக்கும் அக்கா. அம்மாவை அந்த அறையில் வைத்துக்கொண்டு நான் பட்டது எனக்குத்தான் தெரியும்.