தெரபி படிக்கும் மாணவர்களுக்குப் பெற்றோரே பாடம் எடுப்பது: யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

சேலம்_டீச்சர்:
வணக்கம். சேலத்தில் சிறப்புக் கல்விப் பட்டயப் படிப்புக்கு வகுப்பு எடுக்கிறேன். வளர்ச்சிக் குறைபாடு உள்ள, பிறந்தது முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளுக்கான ஆரம்பகாலப் பயிற்சிதான் என் பாடம். மாணவிகள் நன்றாகப் படிக்கிறார்கள், எந்த மாதத்தில் தலை நிற்கணும், எப்போது உட்காரணும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் ஒரு அம்மா குழந்தையோடு எதிரில் வந்து உட்கார்ந்தால் படிவத்தை நிரப்புவதோடு சரி, அதற்கு மேல் பேச்சு ஓடாது.

அமெரிக்காவில் 1986-இல் வந்த சட்டத் திருத்தம், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கான பயிற்சித் திட்டத்தைக் குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டுதான் எழுத வேண்டும் என்று வைத்தது. பிறகு அங்கே சில பல்கலைக்கழகங்களில் பெற்றோர் பேராசிரியரோடு சேர்ந்து நின்று பாடம் நடத்துகிறார்கள், மாணவர்களும் ஒரு குடும்பத்தோடு கொஞ்ச காலம் பழகிவிட்டு வருகிறார்கள். நம் பக்கம் 2013-இல் குழந்தைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசுத் திட்டம் வந்து, மாவட்ட அளவில் டி.இ.ஐ.சி. என்ற ஆரம்பகாலப் பயிற்சி மையங்களும் வந்துவிட்டன. மருத்துவர், பிசியோ, பேச்சுப் பயிற்சியாளர், சிறப்பாசிரியர் என்று ஒரு குழு இருக்கிறது, அந்தக் குழுவுக்குப் பயிற்சி கொடுக்கும் இடத்தில் மட்டும் பெற்றோர் இல்லை. ஆண்டு விழாவில் ஒரு அம்மாவைப் பேசச் சொல்லி, எல்லாரும் கண் கலங்கி, சால்வை போட்டு அனுப்புவதைப் பல இடங்களில் பார்க்கிறேன். எனக்கு வேண்டியது அது இல்லை. பாடத்தைத் திட்டமிடும்போதே அவர்கள் கூட இருக்க வேண்டும். எங்கிருந்து தொடங்கலாம்?

ஏற்காடு_அம்மா:
மேடம், என் பையனுக்கு சி.பி. (பெருமூளை வாதம், கை கால் அசைவு கட்டுப்பாட்டில் இருக்காது), நாலு வயசு. நாங்கள் காபி எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்கள். மலையை விட்டு இறங்க இருபது கொண்டை ஊசி வளைவு, பாதி வழியிலேயே வாந்தி எடுத்துவிடுவான், கீழே வந்து சேரும்போது துவண்டு கிடப்பான். அந்த நேரத்தில் மையத்தில் ஒரு கிலுகிலுப்பையை ஆட்டிப் பார்த்துவிட்டு, கவனம் இல்லை, கை நீட்டவில்லை என்று எழுதிவிடுகிறார்கள். களத்தில் காபி காயும்போது வந்து பாருங்கள், பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு கை எட்டின வரைக்கும் கொட்டையை அள்ளுவான். உங்கள் மாணவிகளை ஒரு நாள் மேலே அனுப்புங்கள். தெரபி எதுவும் கொடுக்க வேண்டாம், சும்மா கூட இருந்து பார்க்கட்டும்.

முக்கியமாகச் சாப்பாட்டு வேளையில் இருக்கணும். மல்லாக்கப் படுக்க வைத்துப் பாலாடையில் ஊற்றினால் அவனுக்குப் புரையேறும். நான் சுவரில் சாய்ந்து ஒரு முழங்காலை மடக்கி அதன் மேல் அவன் முதுகைச் சாய்த்துக்கொள்வேன், தாடை கொஞ்சம் கீழே இருக்கிற மாதிரி பார்த்துக்கொண்டு, ஸ்பூனை வாய்க்கு நேராகக் கீழிருந்து கொண்டுபோவேன். மேலேயிருந்து கொண்டுபோனால் தலையைப் பின்னால் வெட்டிவிடுவான். ஒரு வாய் இறங்கினபிறகுதான் அடுத்த வாய். ஒரு வேளை சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். இதைப் பார்த்த பிறகு, "தினமும் மூணு தடவை எக்சர்சைஸ் பண்ணுங்கம்மா" என்று யாரும் சுலபமாகச் சொல்லமாட்டார்கள்.

ஓமலூர்_பிசியோ:
மேலே அந்த அக்கா சொன்னதோடு என் அனுபவத்தில் கைகொடுத்த ஒன்றைச் சேர்க்கிறேன். வீட்டில் செய்யச் சொல்லி எழுதிக் கொடுக்கிறோமே அந்தத் தாள், அதை மாணவர்கள் எழுதட்டும், திருத்துவது பெற்றோராக இருக்கட்டும். சிவப்புப் பேனாவை அம்மா கையில் கொடுத்துவிடுங்கள். பத்துப் பயிற்சி எழுதியிருந்தால் ஏழு பயிற்சிகளைக் கோடு போட்டு அடித்துவிடுவார்கள். மிச்சம் நிற்கிற மூன்றும் குளிப்பாட்டும்போது, துணி மாற்றும்போது, தூக்கிக்கொண்டு கடைக்குப் போகும்போது செய்யக்கூடியதாக இருக்கும். அதுதான் நடக்கும், மற்றதெல்லாம் தாளோடு போய்விடும்.

ஆனால் டீச்சர், ஒரு விஷயத்தில் எனக்குத் தயக்கம் உண்டு. பெற்றோர் செய்வதெல்லாம் சரி என்கிற இடத்துக்கும் போய்விடக் கூடாது. இறுகிப்போன காலை எண்ணெய் தேய்த்து வலுக்கட்டாயமாக இழுத்து நீட்டுவது பல வீடுகளில் நடக்கிறது, பாட்டி அன்பாகத்தான் செய்கிறார், குழந்தை வலியில் இன்னும் இறுகிக்கொள்கிறது. அதை அந்தப் பாட்டி முகம் கோணாமல், மருமகள் மேல் பழி விழாமல் எப்படிச் சொல்வது? இதையே வகுப்பில் ஒரு பாட்டியை உட்காரவைத்து மாணவிகளைப் பேசிப் பழகவிடுங்கள். எந்த வார்த்தை சுட்டது, எது இறங்கியது என்று அவரே சொல்லுவார்.

செவ்வாப்பேட்டை_அப்பா:
எனக்கு, பிறவியிலேயே வளர்ச்சி மெதுவாக இருக்கும் டவுன் சிண்ட்ரோம் உள்ள மகள். வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை, செய்த எடைக்குத்தான் கூலி. ஒரு நாள் உங்கள் கல்லூரிக்கு வந்தால் அன்றைய சம்பளம் கிடையாது. வெளியிலிருந்து வரும் டாக்டருக்கு வகுப்பெடுக்க என்ன தொகை கொடுக்கிறீர்களோ அதை எங்களுக்கும் கொடுங்கள், பஸ் காசு தனியாக. பாப்பாவைப் பார்த்துக்கொள்ள அன்றைக்கு ஒரு ஆளும் வேண்டும். காசு கேட்பதை யாரும் தப்பாக எடுக்கக் கூடாது, வேலைக்குக் கூலி அவ்வளவுதான்.

அப்புறம், செல்போனை வெளியே வைத்துவிட்டு உட்காரச் சொல்லுங்கள். நாங்கள் பேசுவது குழந்தையின் வாழ்க்கை, நாளைக்கு அவளே பெரியவளாகிப் பார்ப்பாள். எதைப் பேசலாம், எதைப் பேச வேண்டாம் என்று முதல் நாளே எங்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நன்றாகப் பேசத் தெரிந்த ஒரே அம்மாவைத் திரும்பத் திரும்பக் கூப்பிடாதீர்கள். அப்பாக்களைக் கூப்பிடுங்கள், தெரபி பாதியில் விட்டவர்களையும் கூப்பிடுங்கள். அவர்கள் ஏன் வரவில்லை என்பதுதான் உங்கள் மாணவர்கள் முதலில் கேட்க வேண்டியது.

சேலம்_டீச்சர்:
அனைவருக்கும் நன்றி. தாளைத் திருத்தும் யோசனையை இந்தப் பருவத்திலேயே தொடங்குகிறேன், சம்பள விஷயத்தை எழுத்தில் வாங்கிவிட்டுத்தான் யாரையும் அழைப்பேன். ஒரு சந்தேகம்: தாளைத் திருத்தும் பெற்றோரே மதிப்பெண்ணும் போடுவதை நிர்வாகம் ஒத்துக்கொள்ளாவிட்டால்?

ஓமலூர்_பிசியோ:
மதிப்பெண்ணை நீங்களே போடுங்கள். பெற்றோர் திருத்திய தாளை மாணவியின் கோப்பில் சேர்த்துவிட்டு, வாய்மொழித் தேர்வில் அதை வைத்தே கேள்வி கேளுங்கள். சென்னை தி.நகரில் சிறப்புக் குழந்தைகளுக்கான மதுரம் நாராயணன் மையம் இருக்கிறது, அங்கே குழந்தையோடு அம்மாவோ வீட்டார் ஒருவரோ கூடவே இருந்துதான் பயிற்சி நடக்கும். உங்கள் முதல்வரை ஒருமுறை அங்கே கூட்டிப்போங்கள், நேரில் பார்த்தால் பேச்சு சுலபமாகும்.

ஏற்காடு_அம்மா:
மேலே வருவதாக இருந்தால் காபிப் பழம் பறிப்பு முடியட்டும் மேடம், பறிப்பு நேரத்தில் பொழுது விடிந்தால் வேலைக்குப் போய்விடுவோம். பொங்கல் கழித்து வாங்க. ஒரு வீட்டுக்கு இரண்டு பேருக்கு மேல் வேண்டாம், கூட்டத்தைப் பார்த்தால் பையன் சாப்பிட மாட்டான்.